எருமை நின்ற மேஜை

ஒரு பிளாஸ்டிக் எருமையைப் பேரம் பேசி வாங்கி, பையில் போட்டு, அலுவலகத்துக்குக் கொண்டுபோய் வைத்த முட்டாள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால், ஏதோ பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொள்கிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். குகட்பள்ளியில் நான் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு காலனிக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஒருவர் தார்ப்பாயில் யானை, சிங்கம், ஒட்டகம் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். சிங்கம் வாங்கியிருக்கலாம். ஒட்டகம்கூட லட்சணமாகத்தான் இருந்தது. என் கண்ணில் எருமைதான் பட்டது. முகஜாடை ஒத்துப்போயிருக்கும் என்று என் மனைவி சொன்னாள்.

எதற்கு வாங்கினேன் என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்குள்ளே, அடியாழத்தில், கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. மேலே ஓடுகிற புரோகிராம் ஏதாவது செத்தால், கெர்னல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கும். கெர்னலே செத்தால் தூக்கிப் போட ஆள் இல்லை. மொத்தமும் நின்றுவிடும்; அதுதான் கிராஷ். நிற்பதற்கு முன்னால் அது ஒரு காரியம் செய்யும். ப்ராசசருக்குள் ரிஜிஸ்டர் என்று சின்னச் சின்ன அறைகள் உண்டு. அந்தக் கணத்தில் கையாண்டுகொண்டிருக்கும் எண்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கும். சாகப்போகிற கெர்னல் அத்தனை அறைகளையும் திறந்து, உள்ளே இருப்பதைத் திரையில் கொட்டிவிட்டுப் போகும். எஃப்பும் எட்டும் பூஜ்யமுமாகப் பதினாறு பதினாறு எழுத்துகள். அதைப் படித்துச் சாவுக்குக் காரணம் சொல்வது என் பிழைப்பு. ஊரில் சித்தப்பா கேட்டபோது 'ரிஜிஸ்டர் பார்க்கிற வேலை' என்று சொல்லிவைத்தேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, இன்றுவரை என்னிடம் வில்லங்கச் சான்றிதழ் பற்றிச் சந்தேகம் கேட்கிறார்.

அந்த ரிஜிஸ்டர்களில் ஒன்று எங்கள் எல்லோருக்கும் செல்லம். எந்தக் கட்டளையில் நிற்கும்போது உயிர் போனது என்று அது காட்டும். பக்கத்திலேயே அந்தக் கட்டளை இருக்கும் ஃபங்ஷனின், அதாவது புரோகிராம் துண்டின், பெயரும் வந்துவிடும். பெயர் கிடைத்தால் அதை எழுதியவர் யார் என்று கண்டுபிடிப்பது நொடி வேலை. எங்கள் டீமில் வழக்கம் இதுதான்: கிராஷ் யாருடைய ஃபங்ஷனில் விழுந்ததோ, அது அவர் தலையில். மற்ற ரிஜிஸ்டர்களையும் உட்கார்ந்து படித்தால் ஒருவேளை கதை வேறாக இருக்கும். உட்கார யாருக்கு நேரம்? பிணம் யார் வாசலில் கிடக்கிறதோ, அந்த வீட்டுக்காரரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றுகிற போலீஸ்காரர்கள் மாதிரி இருந்தோம்.

இந்த வழக்கத்துக்குக் கொஞ்சம் கலகலப்பு சேர்க்கத்தான் எருமை. யாருடைய ஃபங்ஷனில் கிராஷோ, எருமை அவர் மேஜைக்குப் போகும். அடுத்த கிராஷ் வேறொருவரிடம் விழும்வரை அங்கேயே நிற்கும். எமனுடைய வாகனத்தைச் சாவு விழுந்த வீட்டில் கட்டிவைப்பதுதான் முறை என்று நான் விளக்கம் வேறு கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் என் மேஜையில்தான் நின்றது. அதன் முதுகு தட்டையாக இருந்ததால் காபிக் கோப்பை வைக்கத் தோதாக இருந்தது.

என் எதிர் மேஜையில் ஓர் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்கு 'கைக்கு'. இந்த ஊர் உருது கலந்த அவருடைய தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். என் திருநெல்வேலித் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார். எங்கள் கம்பெனி மருந்துத் தொழிற்சாலைகளுக்கு ஒரு பெட்டி செய்து விற்கிறது. கொதிகலன்களின் வெப்பத்தை ஓயாமல் அளந்து காட்டும் பெட்டி. அதற்குள் சென்சார்களைப் படிக்கும் புரோகிராமை, டிரைவர் என்போம், எழுதியவர் அந்த அக்கா. அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகச் சில வருஷம் வேலையை விட்டிருந்தவர், திரும்ப வந்தபோது ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். வருஷ முடிவில் நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. நிரந்தர ஊழியர்களின் பெற்றோருக்குக் கம்பெனியே மருத்துவக் காப்பீடு கொடுக்கும். அவருடைய அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அவர் வருஷ முடிவை எப்படி எதிர்பார்த்திருப்பார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டான்செருவில் ஒரு தொழிற்சாலையில் எங்கள் பெட்டி நின்றுபோனது. கிராஷ் விழுந்தது அக்காவின் ஃபங்ஷனில். நான் எருமையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"நக்கோ தம்பி. அதை இந்தப் பக்கம் ஓட்டிட்டு வராதே."

"ரூல் ரூல்தான்க்கா."

"யார் போட்ட ரூல்?"

"எமன்."

"நீ அவனுக்கு டெபுடியா? முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கறிவேப்பிலையைப் பொறுக்கி எருமையின் வாயருகில் வைத்தார். "சாப்பிடு ராஜா. இந்தத் திருநெல்வேலிக்காரன் பட்டினி போட்டிருப்பான்." தளமே சிரித்தது. என் யோசனை வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிராஷும் பட்டான்செரு. அதே ஃபங்ஷன். அதற்கடுத்ததும். எருமை நகரவில்லை. கறிவேப்பிலை வைப்பதை அக்கா நிறுத்திவிட்டார்.

தொழிற்சாலையிலிருந்து எங்களுக்கு வருவது வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம் மட்டுமே. உற்பத்திக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் சூப்பர்வைசர் வெளியே நடைபாதையில் நின்று கண்ணாடி வழியாகப் படம் எடுப்பார். கண்ணாடியில் ட்யூப் லைட்டின் வெளிச்சம் பட்டையாக விழும். அந்தப் பட்டை எப்போதும் சரியாக ரிஜிஸ்டர் எண்களின் மேல்தான் படுத்திருக்கும். ஃபங்ஷனின் பெயர் மட்டும் பளிச்சென்று தெரியும். படம் எடுத்த கையோடு பெட்டியை அணைத்து மறுபடி போட்டுவிடுவார்கள். கொதிகலனில் மருந்து வெந்துகொண்டிருக்கும்போது யார் காத்திருப்பார்கள்?

"தம்பி, என் கோட்ல நான் தேடாத இடம் இல்ல," என்றார் அக்கா. "எனக்கு அந்த எண்கள் வேணும். ஒருத்தர் நேரா போய், சீரியல் கேபிள் மாட்டி, முழுசா பிடிச்சிட்டு வரணும். நான் போறேன்னு கேட்டேன். ஒப்பந்த ஆளுக்கு அந்த ஃபேக்டரிக்குள்ள பாஸ் கிடையாதாம். உனக்கு உண்டு."

"அடுத்த வாரம் போறேன்க்கா."

அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றேன். பட்டான்செரு ஒன்றும் பரலோகம் இல்லை. குகட்பள்ளியிலிருந்து பஸ்ஸில் ராமச்சந்திராபுரம் தாண்டிப் போய், ஷேர் ஆட்டோவில் நாலு பேர் மடியில் உட்கார்ந்தால் வந்துவிடும். ஆனால் அந்த ரசாயன வாடை ஒரு வாரம் சட்டையை விட்டுப் போகாது. வெயில் வேறு. அதைவிட முக்கியமான காரணம், எனக்கு அவசரம் இல்லை. எருமை என் மேஜையில் நிற்கவில்லையே.

ஒருநாள் அக்கா டயாலிசிஸ் சென்டரிலிருந்து நேராக அலுவலகம் வந்தார். பையைக்கூட இறக்கவில்லை.

"வருஷ முடிவு வந்துடுச்சு. மாச கடைசியில மேல லிஸ்ட் போகுதாம். யாரை நிரந்தரம் பண்றது, யாரை அனுப்புறதுன்னு. கைக்கு தம்பி இவ்வளவு யோசிக்கிறே? ஒரு நாள் போயிட்டு வரக் கூடாதா?"

அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மறுநாளே போனேன்.

உள்ளே போவதற்கு முன் தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டுவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன், துணி போட்டு வேகவைத்த இட்லி. கூடத்துக்குள் நுழைந்ததும் வேகவும் ஆரம்பித்தேன். எங்கள் பெட்டியைச் சுவரில் மாட்டியிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீராவிக் குழாய் போயிற்று. பெட்டியின் மூடியில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். தெலுங்கு பேசும் ஆபரேட்டர் ஒருவர் என் பதற்றத்தைப் பார்த்துவிட்டு, காலையில் இவ்வளவு சூடு இருக்காது, மத்தியான ஷிஃப்டில்தான் இப்படி, அப்போதுதான் அது படுத்துக்கொள்ளும் என்று சொன்னார். அதை எங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். சரிதான்.

கேபிளை மாட்டி, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் பெட்டி நின்றது. இந்தத் தடவை ட்யூப் லைட் இல்லை, கண்ணாடி இல்லை. எல்லா எண்களும் வரிசையாக என் திரையில் வந்து விழுந்தன.

இதைக் கொஞ்சம் விளக்கினால் தேவலை. கெர்னல் புழங்குகிற நினைவக விலாசங்கள் எல்லாம் நாலு எஃப்பில்தான் தொடங்கும். எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பின்கோடு இருப்பது மாதிரி. அக்காவின் ஃபங்ஷன் ஒரு ரிஜிஸ்டரில் இருந்த விலாசத்துக்குப் போய்த் தட்டியபோது செத்திருந்தது. அந்த விலாசத்தின் தொடக்கம் எஃப், எஃப், பி, எஃப். எஃப் என்றால் நாலு பல்பும் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டாவது பல்பு மட்டும், எங்கள் பாஷையில் ஒரே ஒரு பிட், அணைந்தால் அது பி. மற்றபடி விலாசத்தின் மிச்சம் அத்தனையும் சரியாக இருந்தது. கோடில் பிழை இருந்தால் எண் கண்டபடி சிதறும். ஒரு பல்பை மட்டும் பார்த்து அணைக்கிற பிழையை யாரும் எழுத முடியாது. எழுத முயன்றாலும் வராது. எழுதிவைத்ததை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்காத நினைவகச் சில்லுதான் அப்படிச் செய்யும். சூடு தாங்காத மலிவுச் சில்லு.

ஒன்றை வைத்துச் சொல்லக் கூடாது என்று மறுநாளும் போய் உட்கார்ந்தேன். மறுபடி நின்றது. வேறு ரிஜிஸ்டர், அதே மூன்றாவது எழுத்து, அதே பி. அக்காவின் ஃபங்ஷனில் மட்டும் ஏன் விழுகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது ஓயாமல் ஓடுகிற ஃபங்ஷன். எந்நேரமும் தெருவில் நிற்கிறவர் மேல்தானே மாடியிலிருந்து கொட்டும் தண்ணீர் விழும்.

வெளியே வந்து அங்கியைக் கழற்றும்போதே அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னணியில் டயாலிசிஸ் மெஷினின் பீப் சத்தம் கேட்டது.

"அக்கா, எழுதிக்கோங்க. எஃப், எஃப், பி, எஃப்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"மிச்சம் சரியா இருக்கா?"

"எல்லாம் சரி. நேத்தும் அதே பிட்."

"ஒரே பிட்." பிறகு வேறு யாரிடமோ, தெலுங்கில், அவருடைய மகனாக இருக்க வேண்டும், தாத்தாவுக்குத் தண்ணீர் கொடு என்றார். திரும்ப என்னிடம், "தம்பி, மெமரி."

"மெமரிதான்க்கா. உங்களைத் தொடவே முடியாது. பார்ட்டி எப்போ?"

"ஹவ், வைக்கிறேன். நீ முதல்ல மெயில் போடு."

ஷேர் ஆட்டோவில் நாலு பேர் மடியில் உட்கார்ந்தபடியே மெயில் எழுதினேன். அவ்வளவு பெருமை எனக்கு. என்னைப் போல ரிஜிஸ்டர் படிக்க இந்த ஊரில் ஆள் உண்டா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

எங்கள் மேனேஜர் தெலுங்குக்காரர். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுதும்போது அவர் கொஞ்சம் மென்மையாகிவிடுகிறார், அதற்கு நான் பொறுப்பல்ல. மெயிலைப் படித்ததும் கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் கெர்னல் எழுதியவர். விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அருமையான வேலை," என்றார். "ஆனா மெமரின்னு எழுத்துல வந்தா, இதே சில்லு போட்ட எல்லாப் பெட்டியையும் எல்லா ஃபேக்டரியிலிருந்தும் திரும்ப எடுக்கணும். அதை மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணு கேக்கறேன். டிரைவருக்குள்ள ஒரு சோதனை போட முடியுமா? விலாசம் நாலு எஃப்ல தொடங்கலேன்னா அந்த ரவுண்டை விட்டுட்டு, பெட்டியைச் சத்தமில்லாம ரீஸ்டார்ட் பண்ற மாதிரி?"

"முடியும்," என்றேன்.

முடியுமா என்று கேட்டால் முடியும் என்று சொல்லிவிடுவது எங்கள் இன்ஜினியர் ஜாதியின் வியாதி. செய்யலாமா என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அந்த நிமிஷம் என் மனதில் ஓடியது, எந்த வரியில் அந்தச் சோதனையைப் போட்டால் வேகம் குறையாது என்பதுதான். சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். 'பழுதான மெமரிக்கு மாற்று ஏற்பாடு' என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். அவர் அதைச் 'சென்சார் டிரைவரில் பிழைத்திருத்தம்' என்று மாற்றி ஏற்றுக்கொண்டார். அதையும் பார்த்தேன். தலைப்புதானே என்று விட்டுவிட்டேன்.

பட்டான்செருவிலிருந்து கிராஷ் படங்கள் வருவது நின்றது. பெட்டி மத்தியானத்தில் தனக்குத்தானே கண்ணை மூடித் திறந்துகொண்டது, யாருக்கும் தெரியாமல். கூட்டத்தில் என் பெயர் சொல்லிக் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார். எருமை மட்டும் அவர் மேஜையிலேயே நின்றது. அடுத்த கிராஷ் விழுந்தால்தானே அது நகரும்? கிராஷைத்தான் நான் நிறுத்திவிட்டேனே.

மாதக் கடைசியில் அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் மேனேஜரின் அறைக்குப் போனேன்.

"சார், அது அவங்க தப்பு இல்லைன்னு நான் மெயில் போட்டிருந்தேனே."

"ஃபிக்ஸ் எங்க போட்டீங்க?"

"டிரைவர்ல."

"டிரைவர்ல பிழை இல்லேன்னா டிரைவர்ல எதுக்கு ஃபிக்ஸ்? அதைப் போட்டதும் கிராஷ் நின்னுடுச்சு. மேல இருக்கறவங்க அதைத்தான் பாப்பாங்க."

அவருக்கும் சங்கடமாக இருந்திருக்கும். பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"அதுவும் இல்லாம," என்றார், "யார் கோட்ல பிரச்சினை அதிகம்னு கேட்டாங்க. நான் எப்ப இந்தத் தளத்துக்கு வந்தாலும் அது அவங்க மேஜையிலதான் நிக்குது. எனக்கு வேற எதையும் தேட வேண்டியிருக்கல."

"அது சும்மா விளையாட்டு சார்."

"தெரியும். நல்ல விளையாட்டு. டீமுக்கு உற்சாகம் கொடுக்குது. நிறுத்திடாதீங்க."

அக்கா கடைசி நாளில் தன் சாமான்களை ஒரு துணிப்பைக்குள் அடக்கிவிட்டார். தண்ணீர் பாட்டில், சார்ஜர், டப்பா. லிஃப்ட் வரை கூடவே போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "எமன் உங்களை விட்டுட்டான்க்கா, இனி எங்க பாடு," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன ஜோக்குகளிலேயே மட்டமானது அது. போட்டிக்கு நிறைய உண்டு, இருந்தாலும் அதுதான். அவர் லிஃப்டின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் கிட்டப் பேசினேன்க்கா," என்றேன்.

"ஹவ். சொன்னாங்க."

"நான் டிரைவர்ல போட்டிருக்கக் கூடாது."

"முடியும்னு சொன்னியாமே," என்றார். கதவு திறந்தது. உள்ளே போனார்.

அப்புறம் சில வாரம் போன் செய்யவில்லை. காப்பீடு இல்லாமல் அப்பாவின் செலவுக்கு என்ன செய்கிறார், வேலை கிடைத்ததா, எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். எதிர் மேஜை காலியாக இருந்தது. எருமை மட்டும் என்னைப் பார்த்தபடி நின்றது. துடைக்க வருகிறவர்கள்கூட அதைத் தூக்கித் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் ரூல் தெரிந்திருந்தது போல.

ஒரு திங்கட்கிழமை மனிதவளத் துறையிலிருந்து ஆள் வந்து, அந்த மேஜைக்குப் புதிதாக ஒருவர் சேர்கிறார், காலி செய்துவிடுங்கள் என்றார். காலி செய்ய எருமையைத் தவிர வேறொன்றும் இல்லை. கையில் எடுத்தேன். அதன் வாயருகில், பிளாஸ்டிக் மடிப்பில், ஒரு காய்ந்த கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவும் தோன்றவில்லை, அப்படியே விடவும் தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் பீப் சத்தம் கேட்கவில்லை. அதைப் பற்றிக் கேட்கத்தான் நினைத்தேன், என் வாய் வழக்கம்போல வேறு பக்கம் போயிற்று.

"அக்கா, உங்க இடத்துக்குப் புது ஆள் வர்றாங்க. இந்த எருமையை என்ன பண்றது?"

"உன் மேஜையில வை."